குங்குமம் பட்ட முத்திரை

அத்தியாயம் 11

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இராத்திரி முழுக்கப் புரண்டவளுக்கு விடிகிற நேரத்தில் கண் அயர்ந்தால் அதற்குப் பெயர் தூக்கமா? வனஜா எழுந்து வந்தபோது கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது? தூங்கலியா?" என்றாள் மாமியார் வேம்புலியம்மாள், காபித் தம்ளரை நீட்டியபடி.

"தலைவலி அத்தை."

பொய். தலைவலியெல்லாம் வனஜாவுக்குத் தூசு. நேற்றுச் சாயங்காலம் கம்பெனியில் பார்த்ததுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனியில் வனஜா தரம் பார்ப்பவள். அணுமின் நிலையத்துக்கு, உலையைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாயில் பொருத்துவதற்கான வால்வுகள் அங்கே தயாராகின்றன. ஒவ்வொன்றையும் அவள் பார்த்து, அளந்து, தடவி, மனசுக்குத் திருப்தி என்றால்தான் தன் எஃகு முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடிப்பாள். சின்ன வட்டம், நடுவில் அவளுக்கென்று கொடுத்த எண். அந்த வட்டம் விழாத வால்வு கேட்டைத் தாண்டக் கூடாது. அந்த முத்திரையும் அவள் கையை விட்டுப் போகக் கூடாது. ஒன்று அவளிடம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிப் பெட்டகத்தில் பூட்டியிருக்கவேண்டும். இது மின் நிலையத்தாரின் சட்டம்.

நேற்று, லாரிக்குத் தயாராக நின்ற பெரிய வால்வு ஒன்றில் அவளுடைய முத்திரை இருந்தது. ஆனால் அவள் அடிக்கவில்லை!

வட்டத்தின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முதலில் அவள் சந்தேகப்படவில்லை. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே சிவப்புச் சாயம் பூசுவார்கள். பூசித் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடி அடித்தால், விரிசலுக்குள் பதுங்கியிருக்கிற சாயம் கசிந்து வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சாயம்தான் என்று நினைத்து மருந்தில் நனைத்த துணியால் துடைத்தாள். சாயமாக இருந்தால் கரைந்திருக்கவேண்டும். இது கரையவில்லை. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம் குழைத்த குங்குமம்.

அவள் முத்திரையில் குங்குமம் பட்டது ஒரே ஒரு முறைதான். கம்பெனியில் அல்ல. இதே வீட்டில், ஆவடி குவார்ட்டர்ஸில், ஆயுத பூஜையன்று.

அன்றைக்குப் பூஜைத் தட்டில் வேம்புலியம்மாள் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் பெரிய மகன், அதாவது வனஜாவின் புருஷன் குணசேகரனின் ஸ்பேனர்கள், வெல்டரான சின்ன மகன் நாகேந்திரனின் கறுப்புக் கண்ணாடி, தன்னுடைய அரிவாள்மணை. "அல்லார் ஆயுதமும் கீது. எம்மருமவ ஆயுதம் எங்கமே?" என்று கேட்டாள். படித்த மருமகளின் ஆயுதமும் சாமிக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று ஒரு மாமியார் ஆசைப்பட்டால் எந்த மருமகளுக்குத்தான் உள்ளம் குளிராது? சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து வந்து தட்டில் வைத்துவிட்டாள். தட்டில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. அதுதான் வழக்கம்.

யாரோ தொட்டிருக்கிறார்கள்.

நேற்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி 'உங்கள் வீட்டில் யார்?' என்பதுதானே. இருப்பது மூன்று பேர். அதில் ஒருத்தி சாமி குற்றத்துக்குப் பயந்தவள். மிச்சம் இரண்டு பேரில், வனஜாவின் கம்பெனியிலேயே, அவள் சிபாரிசிலேயே வேலைக்குச் சேர்ந்திருப்பவன் நாகேந்திரன். யாரைச் சந்தேகப்படுவது என்பதற்கு ஜோசியமா பார்க்கவேண்டும்?

"நாகேந்திரன் எங்கே அத்தை?"

"அவன் அப்பவே பூட்டான். இட்லி வச்சேன், தொடல. இன்னா அவசரமோ."

தினமும் அண்ணி கிளம்பும்வரை காத்திருந்து, ஒரே பஸ்ஸில் தொணதொணவென்று பேசிக்கொண்டே வருகிறவன். இன்றைக்கு மட்டும் அண்ணி முகத்தில் முழிக்காமல் ஓடியிருக்கிறான். வனஜாவுக்குக் காபி கசந்தது.

கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்த குணசேகரன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"தலவலின்னா இன்னிக்கி லீவு போட்டுடேன்."

"முடியாதுங்க. இன்னிக்கு மின் நிலையத்திலிருந்து ஆள் வர்றாரு, சரக்கைப் பாக்க."

"ஒரு நாள் நீ இல்லன்னா கம்பெனி ஓடாதா? வேற யார்னா பாத்துக்குவாங்க. நீ படு."

கொதிக்கிற காய்ச்சலில்கூட 'மாத்திர போட்டுகினு போய்ட்டு வா' என்று அனுப்பி வைத்த மனிதன் அவன். அவனுக்குத் திடீரென்று இவ்வளவு கரிசனம். வனஜா ஒரு நிமிஷம் உருகித்தான் போனாள், பாவம்.

"சாயங்காலம் வந்து படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

வெல்டிங் பகுதியில் நாகேந்திரன் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தான். தீப்பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. முகத்தை மறைக்க மட்டும் அது உதவியது.

"அதைத் தூக்கு. உன் மூஞ்சியைப் பாத்துப் பேசணும்."

தூக்கினான். அவனுக்கும் கண் சிவந்திருந்தது.

"லாரிக்கு நிக்குதே பெரிய வால்வு, அதோட கழுத்துல என் முத்திரைக்குப் பக்கத்துல கிரைண்டிங் போட்டு மழுப்பியிருக்கு. அங்க வெல்டு வச்சது யாரு?"

"அண்ணி, மெல்லமா பேசுங்க."

"நீதானா?"

"வெல்டு நான்தான் வச்சேன்" என்றான். "பூஜ லீவு அன்னிக்கி மேனேஜர் கஜபதி சார் ஆள உட்டு கூப்ட்டாரு. லேத்துல கடஞ்சப்புறம்தான் விரிசல் தெரிஞ்சிச்சாம். புது வார்ப்பு வர்றதுக்குள்ள ஆர்டரே பூடும்னாரு. இந்த ஒரு வேலய முட்ச்சி குடு, உன்ன பர்மனன்ட் பண்றேன்னாரு."

"விரிசல் விழுந்தா முதல்ல மின் நிலையத்துக்குச் சொல்லணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் கை வைக்கணும். வச்சப்புறம் எக்ஸ்ரே எடுக்கணும். இது உனக்குத் தெரியாதா?"

"தெர்யும் அண்ணி. ஆனா தண்ணி டெஸ்ட்ல ஒரு சொட்டு கசியல. வெல்டு கெட்டியாத்தான் கீது."

"இன்னிக்குக் கசியலை. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டா? உலையை நிறுத்தினாலும் உள்ளே இருக்கிற சூடு உடனே நிக்காது நாகேந்திரா. சோத்துப் பானையை இறக்கி வச்சப்புறமும் கொதிக்குதில்ல, அந்த மாதிரி. ஆனா இது நாள்கணக்கா கொதிக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். போன வருஷம் ரஷ்யாவுல உலை வெடிச்சப்போ ரேடியோவைக் காதுல வச்சிக்கிட்டுத் திரிஞ்சவன் நீதானே?"

அவன் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"சரி, முத்திரையை ஏன் எடுத்தே?"

"அத்த நான் தொடல."

"அப்ப அது தானா நடந்து வந்து அடிச்சுக்கிச்சா?"

"ஆத்தா சத்தியமா நான் தொடல அண்ணி. அதுக்கு மேல என்ன ஒண்ணும் கேக்காதீங்க!"

சொல்லிவிட்டு முகக்கவசத்தை மறுபடி இறக்கிக்கொண்டான். பேச்சு முடிந்தது.

வனஜாவுக்கு அவன் சத்தியத்தில் நம்பிக்கை வரவில்லை. அகப்பட்டுக்கொண்டவன் எவன்தான் சத்தியம் பண்ணமாட்டான்? கரையான்சாவடியில் அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால் தை மாசம் கல்யாணம் என்று பெண் வீட்டார் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு முத்திரையைத் திருடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

கூடப் பிறக்காத தம்பி என்றுதான் இத்தனை நாளும் அவனை நினைத்திருந்தாள்.

*

மின் நிலையத்து அதிகாரி உலகநாதன் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்துவிடுவார். மேனேஜர் கஜபதி இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அல்லாமே ரெடி சார். லாரிக்காரன்தான் பறக்கறான்."

உலகநாதன் அவசரப்படவில்லை. வரிசையாக நின்ற வால்வுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் வனஜாவைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்க முத்திரைதானே?"

"ஆமா சார்."

சாக்பீஸால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். வரிசை குறைந்துகொண்டே வந்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும். நாகேந்திரனுக்கு வேலை நிலைக்கும், தை மாசம் வீட்டில் மேளம் கொட்டும், மாமியார் வாய் நிறைய மருமகளே என்பாள். அந்த வால்வும் ஒருவேளை கடைசிவரை கசியாமலே இருக்கலாம். இருக்கலாம்தானே?

உலகநாதன் அந்தப் பெரிய வால்வின் முன்னால் நின்றார்.

"இதுவும் உங்களுதுதானே?"

"இதுவும் அவங்கதான் சார்" என்று கஜபதி முந்திக்கொண்டார்.

தூரத்தில் நாகேந்திரன் நின்றிருந்தான். வனஜா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லமுடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"முத்திரை என்னுது சார். ஆனா நான் அடிக்கலை."

கஜபதி சிரித்தார். "வேலை ஜாஸ்தி சார், மறந்துட்டாங்க. இன்னாம்மா வனஜா, நல்லா ரோசன பண்ணிச் சொல்லும்மா."

"மறக்கலை. பக்கத்துல வெல்டு வச்சிருக்கு சார். யாரும் அனுமதி வாங்கலை. சாயம் போட்டுப் பாருங்க."

உலகநாதன் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

வனஜாவே பூசினாள். ஊறவிட்டாள். துடைத்தாள். வெள்ளைப் பொடியை அடித்தாள். எல்லோரும் சுற்றி நின்று அந்த வெள்ளையையே பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கஜபதியின் முகத்தில் சிரிப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. ஒன்றுமே வராமல் போனால் தன் கதி என்ன என்று வனஜா பயந்த வேளையில், வெல்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரற்கடை நீளத்துக்கு வளர்ந்தது.

"தண்ணி டெஸ்ட் தாங்கிச்சே சார்!" என்றார் கஜபதி.

உலகநாதன் சாக்பீஸால் வால்வின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். பிறகு வனஜாவிடம் திரும்பினார்.

"முத்திரை உங்க கையை விட்டு எப்படிப் போச்சு?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன் சார். ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால வைக்க."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கையை மட்டும் நீட்டினார். வனஜா கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷமாகச் சம்பாதித்த நல்ல பேர் அத்தனையும் அதோடு போனது. அழக் கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் அழுதுவிட்டாள்.

"வீட்டுல எடுத்தது யாரு?"

வனஜா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார்!"

நாகேந்திரன் முன்னால் வந்து நின்றான். "அண்ணிக்கு ஒண்ணும் தெர்யாது. தட்டுலருந்து எட்த்தது நான்தான்."

"பாத்தீங்களா சார்?" என்று கஜபதி துள்ளினார். "பர்மனன்ட் ஆவணும்னு பையன் இன்னா வேல பண்ணிகீறான் பாருங்க. எனக்கு இது எதுவுமே தெரியாது சார்!"

காலையில் ஆத்தா மேல் சத்தியம் பண்ணினவன் இப்போது ஊரறிய ஒப்புக்கொள்கிறான். இதில் எது பொய்? வனஜா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கூப்பிட்டு வெல்டு வைக்கச் சொன்னதே கஜபதிதான் என்று சொல்லவேண்டியவனே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபின், அவள் சொல்லி யார் நம்புவார்கள்?

"இங்கே இருக்கிறது எல்லாத்தையும் மறுபடி சோதிக்கப் போறேன்" என்றார் உலகநாதன். "ஏற்கெனவே உங்க முத்திரையை மட்டும் நம்பி எங்ககிட்ட வந்து சேந்தது? அதையும் கழட்டிப் பாக்கணுமா? அங்க குழாய் வேலை பாதியில நிக்கும்."

"போனதெல்லாம் நானே பாத்து அடிச்சது சார். இது ஒண்ணுதான்."

"சரிம்மா. உங்க வார்த்தையை நம்பித்தான் அதைத் தொடாம விடறேன்."

நாகேந்திரனிடமிருந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவனைக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்று கஜபதி உரக்கவே யோசித்தார்.

*

வனஜா வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நாகேந்திரன் சட்டைகளை மடிக்காமல் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். வேம்புலியம்மாள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"வெள்ளானூருக்கு. மாமா ஊட்டாண்ட கொஞ்ச நாளிக்கி இருக்கேன்."

"ஓடிப் போனா ஆச்சா? காலையில சாமி மேல ஆணை வச்சே. மத்தியானம் நான்தான்னு சொல்றே. உன்னைத் தம்பின்னு நினைச்சேனே, என்கிட்டயாவது ஒரு உண்மையைப் பேசக் கூடாதா?"

அவன் பையின் வாயைக் கட்டினான். "அண்ணி, உட்டுடுங்க. போலீஸ் வந்தா நானே பேசிக்கறேன்."

போலீஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேம்புலியம்மாளின் அழுகை நின்றுவிட்டது. தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"அவன் எட்க்கல வனஜா."

"யம்மா! நீ சும்மா இரு" என்று நாகேந்திரன் சீறினான்.

"இன்னாத்துக்குடா சும்மா இருக்கணும்? செய்யாத தப்புக்கு நீ உள்ள போயி குந்தணுமா?" என்றவள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூஜ அன்னிக்கி நீ பக்கத்து லைன்ல கொலு பாக்கப் போயிருந்தே. அப்ப தட்டுலருந்து எட்த்தது பெரியவன். விடிஞ்சப்பறம் எடுடா, சாமி கோச்சிக்கும்னு சொன்னேன். வனஜாதான் கேட்டா, கம்பெனில அவசரமாம்னான். உம் பேரச் சொன்னான், அதான் உட்டுட்டேன். நீ திரும்பி வர்றதுக்குள்ள கொண்ணாந்து வச்சிட்டான்."

'லீவு போட்டுடேன், நீ படு.' காலையில் கேட்ட அந்தக் கரிசனத்தின் அர்த்தம் வனஜாவுக்கு இப்போதுதான் புரிந்தது. தன் பேரைச் சொல்லி, தன் முத்திரையை, தன் புருஷனே!

"உனக்குத் தெரியுமா?" என்று நாகேந்திரனைக் கேட்டாள்.

"அன்னிக்கி கம்பெனி கேட்டாண்ட அண்ணன் ஸ்கூட்டரப் பாத்தேன். எனக்காவத்தான பண்ணாரு அண்ணி? அவர எப்டிக் காட்டிக் குடுக்கறது?"

"ஒரு புள்ளயக் காப்பாத்த இன்னொரு புள்ளய என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்களேடா!" என்று வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

உள்ளே நுழைந்த குணசேகரன் பையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தபோது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்பாள். அதற்குப் பதில் அவனிடம் தயாராக இருந்தது. தகப்பனில்லாத தம்பி, அவனுக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமா, இத்தனூண்டு வெல்டுக்கா உலகம் அழிந்துவிடும்? ஆனால் வனஜா அதைக் கேட்கவில்லை.

"எத்தனை?" என்றாள்.

"இன்னா எத்தனை?"

"எத்தனை வால்வு?"

"நான் எங்க அட்ச்சேன்? முத்திரையக் கொண்டாந்தா தம்பிய பர்மனன்ட் பண்றேன்னு கஜபதி கூப்ட்டாரு, கொண்டும்போயி அவுரு கைல குடுத்தேன். அவுருதான்..."

"எத்தனை வால்வுல அடிச்சாருன்னு கேக்கறேன்!"

குணசேகரன் தம்பியைப் பார்த்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு" என்றான் குணசேகரன். "இன்னொண்ணு பூஜ முடிஞ்ச மறுநாளே, நீ பாக்கறதுக்கு முன்னால லாரி ஏறிட்ச்சி. இந்நேரம் குழாய்ல மாட்டியிருப்பாங்க."

போனதெல்லாம் நானே பார்த்து அடித்தது. மத்தியானம் அவள் கொடுத்த வாக்கு அது. அதை நம்பி ஒரு நல்ல மனிதர் அந்த வால்வைத் தொடாமல் விட்டுவிட்டார்.

வனஜா கழற்றிப் போட்ட செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"உலகநாதன் சார் இன்னிக்குப் பூந்தமல்லியில அவங்க அக்கா வீட்டுலதான் தங்கறாரு. வண்டியை எடுங்க. நீங்களே வந்து உங்க வாயால சொல்லுங்க."

குணசேகரன் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்புறம் வாசற்கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான்.